பள்ளத்தில் தண்ணீர் வரும் நேரம்

2018 ஆகஸ்ட் 9ஆம் தேதி இடுக்கி மாவட்டத்துப் பீர்மேட்டில் ஒரே நாள் கணக்கில் 250 மில்லிமீட்டருக்கு மேல் மழை பதிவானது. மலைச்சரிவுகள் இடிந்தன, சாலைகள் அறுந்தன. ஆனாலும் பெய்த தண்ணீர் பீர்மேட்டில் தங்கவில்லை. ஓடைகளில் இறங்கி, பெரியாற்றைப் பிடித்து, கீழ்நாட்டை நோக்கிப் போய்விட்டது. 2024 ஏப்ரல் 16ஆம் தேதி துபாய் விமான நிலையத்தில் பெய்தது அதில் பாதியை விடச் சற்றே அதிகம்: 142 மில்லிமீட்டர். அந்தத் தண்ணீர் போக்கிடம் இல்லாமல் அங்கேயே நின்றது. ஓடுபாதைகள் ஏரியாயின. ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்தாயின. சில குடியிருப்புகளில் பல நாள் கழித்தும் டேங்கர் லாரி வைத்துத்தான் தண்ணீரை உறிஞ்ச வேண்டியிருந்தது.

கேரளத்தின் பல ஊர்களில் இருந்தும் வளைகுடாவுக்கு ஆட்கள் போயிருக்கிறார்கள். அந்த வாரம் கைப்பேசிகளில் வந்து குவிந்த படங்களைப் பார்த்து ஊரில் இருந்தவர்கள் கேட்ட கேள்வி நியாயமானது. நம்மூர் ஆடி மாதத்தில் பெய்யாத மழையா இது? அவ்வளவு பணமும் பொறியாளர்களும் உள்ள நகரம் ஒரு நாள் மழைக்கு ஏன் மூழ்கியது?

மேகத்தில் உப்புத் தூவி மழையை வரவழைத்ததன் விளைவு இது என்று ஒரு பேச்சும் கிளம்பியது. வானிலை ஆய்வாளர்கள் அதை ஏற்கவில்லை. வளைகுடா முழுவதையும் மூடும் அளவுக்குப் பெரிய புயல் மேகத்திரள் வரப்போகிறது என்று கணினி மாதிரிகள் பல நாள் முன்பே சொல்லியிருந்தன. அந்த அளவு ஈரத்தை எந்த விமானமும் தூவி உண்டாக்க முடியாது. ஆக, மழை எப்படி வந்தது என்பதில் பெரிய மர்மம் இல்லை. வந்த தண்ணீர் ஏன் போகவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது.

பீர்மேட்டில் வடிகாலை வெட்டியது மழையேதான். லட்சக்கணக்கான ஆண்டுகளாக ஆண்டுதோறும் பெய்து, பாறையை அரித்து, ஒவ்வொரு சரிவுக்கும் ஓர் ஓடை, நான்கு ஓடைக்கு ஒரு சிற்றாறு, பத்துச் சிற்றாற்றுக்கு ஓர் ஆறு என்று தன் பாதையைத் தானே செதுக்கி வைத்திருக்கிறது. ஈரமான நாடுகளில் ஆற்றுப்படுகையின் அளவைப் பல இடங்களில் அளந்து பார்த்தவர்கள் ஓர் ஒழுங்கைக் கண்டார்கள். ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளம் கரை தளும்ப ஓடும் அளவுக்குத்தான் ஆறு தன் படுகையை வைத்துக்கொள்கிறது. அடிக்கடி வரும் மழைக்கு அது எப்போதும் தயார்.

பாலை நிலத்தில் இந்த ஏற்பாடு இல்லை. துபாய் விமான நிலையத்தின் ஓராண்டுச் சராசரி மழையே 94.7 மில்லிமீட்டர்தான். எப்போதோ ஒரு பெருமழை ஓர் ஓடையை வெட்டும். பிறகு பல ஆண்டுகள் காற்று மணலைக் கொண்டுவந்து அதைத் தூர்க்கும். அரபு நாடுகளில் வாதி என்று சொல்லப்படும் அந்த வறண்ட படுகைகள், பார்ப்பவர் கண்ணுக்கு வீடு கட்ட வாகான சமதளமாகத் தெரியும். துபாயில் இன்னொரு சிக்கலும் உண்டு. கடலோரத்தில் தரை ஏறக்குறைய தட்டை. நிலத்தடி நீர்மட்டமும் பல இடங்களில் மிக மேலே இருக்கிறது. தண்ணீர் பக்கவாட்டில் ஓடவும் சரிவில்லை, கீழே இறங்கவும் இடமில்லை.

இதைப் புரிந்துகொள்ளக் கடல் தாண்ட வேண்டியதில்லை. மூணாறில் இருந்து உடுமலைப்பேட்டைச் சாலையில் வடகிழக்கே இறங்கினால் போதும். 2,695 மீட்டர் உயர ஆனைமுடி, தென்மேற்குப் பருவக்காற்றின் ஈரத்தைத் தன் மேற்குப் பக்கத்திலேயே வாங்கிக்கொள்கிறது. மறையூரைத் தாண்டிச் சின்னாறு வனவிலங்கு சரணாலயத்துக்குள் நுழையும்போது பச்சை மறைந்து முள்காடு வருகிறது. அங்கே ஆண்டுக்கு சுமார் 500 மில்லிமீட்டர் மழைதான். பாலக்காடு மாவட்டத்து அட்டப்பாடியிலும் இதே காட்சி. மேற்கே முக்காலிப் பக்கம் அட்டை கடிக்கும் ஈரக்காடு. கிழக்கே கோட்டத்தறை, சோலையூர்ப் பக்கம் வெயில் காயும் செம்மண் மேடு. கேரளத்தில் கிழக்கு நோக்கி ஓடும் ஆறுகள் மூன்றே மூன்று. கபினியை விட்டால் மற்ற இரண்டும் இந்த மழைநிழல் பகுதிகளின் வழியாகத்தான் தமிழ்நாட்டுக்குள் வருகின்றன. அட்டப்பாடியில் இருந்து வருவது பவானி. மறையூர், சின்னாறு வழியாக வந்து அமராவதியாவது பாம்பாறு.

இந்த எல்லையோர மக்கள் ஆண்டில் பெரும்பகுதி காய்ந்து கிடக்கும் ஓடையைப் பள்ளம் என்பார்கள். ஆடு மேயும், பிள்ளைகள் விளையாடும், மணல் அள்ளுவார்கள். ஒரு நாள் தலைக்கு மேல் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே பழுப்பு நிறத்தில் தண்ணீர் வந்து இறங்கும். மழை பெய்தது இங்கே அல்ல, மேலே மலையில். பெரியவர்கள் மேற்கே கருத்தால் பள்ளத்தில் இருந்து மாடுகளை ஓட்டிவிடுவது அதனால்தான். மழைக்கும் வெள்ளத்துக்கும் இடைவெளி ஆறு மணி நேரத்துக்குள் இருந்தால் அதைத் திடீர் வெள்ளம் என்று வானிலைத் துறைகள் வகைப்படுத்துகின்றன. வறண்ட நிலத்தில் அந்த இடைவெளி ஒரு மணி நேரத்துக்குள்ளேயே சுருங்கிவிடும்.

காய்ந்த மண் தண்ணீருக்கு ஏங்கி நிற்கும், விழுந்ததெல்லாம் உள்ளே போய்விடும் என்றுதான் எவருக்கும் தோன்றும். நடப்பது நேர்மாறு. மரமும் சருகும் இல்லாத தரையில் பெரிய மழைத்துளி வேகமாக விழும்போது மண் கட்டியை உடைக்கிறது. உடைந்த நுண்துகள்கள் மண்ணின் துளைகளில் போய் அடைத்துக்கொள்கின்றன. சில நிமிடங்களிலேயே மேலே ஒரு வழவழப்பான ஏடு உருவாகிவிடுகிறது. மழை விட்டு வெயில் ஏறியதும் இந்த ஏடு வெடித்து, ஓரங்கள் மேல்நோக்கிச் சுருண்டு நிற்கும். ஒரு துண்டை நகத்தால் நெம்பி எடுத்தால் அதன் மேல்பக்கம் பூசி மெழுகியதுபோல் இருக்கும். அதற்கு அடியில் விரற்கடை ஆழத்தில் மண் பொடிப்பொடியாகக் காய்ந்திருப்பதைக் காணலாம். அத்தனை மழையும் அதன் மேலாக ஓடிப்போயிருக்கிறது.

அமெரிக்க நீரியலாளர் ராபர்ட் ஹார்ட்டன் 1933இல் இதற்கு ஒரு தெளிவான விளக்கம் தந்தார். ஒவ்வொரு மண்ணுக்கும் தண்ணீரை உறிஞ்சும் ஓர் உச்ச வேகம் உண்டு. இதை ஊடுருவு திறன் எனலாம். மழை அந்த வேகத்துக்குள் பெய்தால் எல்லாம் உள்ளே போகும். அதைத் தாண்டிப் பெய்தால் மிச்சம் முழுவதும் தரைமேல் ஓடும். இதை அளக்கும் கருவி மிக எளியது. ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு இரும்பு வளையங்களைச் சம்மட்டியால் தட்டி மண்ணில் இறக்குகிறார்கள். இரண்டிலும் தண்ணீர் ஊற்றி, உள்வளையத்தில் மட்டம் எத்தனை நிமிடத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று அளவுகோல் வைத்துக் குறிக்கிறார்கள். வெளி வளையத்துத் தண்ணீர் பக்கவாட்டுக் கசிவை ஈடுகட்டுவதால், உள்ளே இருப்பது நேர் கீழாக மட்டும் இறங்கும். சருகு மூடிய காட்டு மண்ணில் மணிக்கு நூறு மில்லிமீட்டருக்கு மேலும் இறங்கக் காணலாம். ஏடு கட்டிய வெற்றுத் தரையில் சில மில்லிமீட்டர்தான். மணற்குன்று மட்டும் விதிவிலக்கு, அது தாராளமாகக் குடிக்கும். ஆனால் நகரம் மணற்குன்றாக இருப்பதில்லை. தார், கான்கிரீட், டைல்ஸ் இவற்றின் ஊடுருவு திறன் பூஜ்யம்.

சரி, எவ்வளவு ஓடும் என்று தெரிந்துவிட்டது. எவ்வளவு பெரிய கால்வாய் வேண்டும்?

இங்கேதான் பெரும்பாலோர் வழி தவறுகிறார்கள். மொத்த மழையின் அளவைப் பார்த்துக் கால்வாயின் அளவை முடிவு செய்ய முடியாது. கல்யாண வீட்டில் பந்திக்கு ஆயிரம் பேர் வருகிறார்கள் என்றால் சமையலுக்கு அந்தக் கணக்குப் போதும். சாப்பாட்டுக் கூடத்துக்குப் போதாது. ஆயிரம் பேரும் மூன்று மணி நேரத்தில் விட்டு விட்டு வந்தால் இருநூறு இலைக் கூடம் தாங்கும். முகூர்த்தம் முடிந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்து வந்தால் வாசலில் நெரிசல்தான். ஆட்கள் அதே ஆயிரம் பேர்தான், வந்து சேர்ந்த நேரம்தான் வேறு.

நீரியலில் இதை முதலில் கணக்காக்கியவர் தாமஸ் மல்வனி என்ற அயர்லாந்துப் பொறியாளர். ஆண்டு 1851. ஒரு நீர்ப்பிடிப்புப் பகுதியின் மிகத் தொலைவான மூலையில் விழுந்த துளி வாய்க்கால் முனைக்கு வந்துசேர எடுக்கும் நேரத்தை அவர் கவனித்தார். அதைத் திரள் நேரம் என்று சொல்லலாம். மழை அந்த நேரத்துக்கு மேல் நீடித்தால், பகுதியின் எல்லா மூலைத் தண்ணீரும் ஒரே சமயத்தில் வாய்க்கால் முனையில் திரண்டு நிற்கும். அப்போது ஓடுவதுதான் உச்சப் பாய்வு. கால்வாயின் அளவை முடிவு செய்வது அந்த உச்சம்தான்.

எண்களில் பார்த்தால் இதன் பாரம் புரியும். ஒரு சதுர கிலோமீட்டர் நகரத்தில் 100 மில்லிமீட்டர் மழை பெய்து முழுவதும் வழிந்தோடினால் அது பத்துக் கோடி லிட்டர். பத்தாயிரம் லிட்டர் டேங்கர் லாரிகள் பத்தாயிரம். இது பத்து மணி நேரத்தில் பரவலாக வெளியேறினால் நொடிக்கு ஏறத்தாழ 2,800 லிட்டர். ஒரு நடுத்தர வாய்க்கால் சமாளித்துவிடும். ஒரே மணி நேரத்தில் வந்தால் நொடிக்கு 28,000 லிட்டர். அதற்கு ஓர் ஆறு வேண்டும். அந்த ஆறு ஓடப்போவது ஆண்டில் ஒரு மணி நேரம்தான், அதுவும் சில ஆண்டுகளில் இல்லை.

நகரம் என்ன செய்கிறது? துளியின் பயண நேரத்தைக் குறைத்துவிடுகிறது. முன்பு புதரிலும் கல்லிலும் குழியிலும் தடுக்கித் தடுக்கி வந்த தண்ணீர், கட்டடம் வந்தபின் மொட்டை மாடியில் இருந்து குழாய், குழாயில் இருந்து தார்ச்சாலை, சாலையில் இருந்து சிமென்ட் வாய்க்கால் என்று எங்கும் தடங்கல் இல்லாமல் ஓடுகிறது. இதே அயர்லாந்தைச் சேர்ந்த ராபர்ட் மானிங் 1889இல் முன்வைத்த ஆய்வில், ஒரு கால்வாயில் தண்ணீரின் வேகம் சரிவையும் வடிவத்தையும் மட்டுமல்ல, சுவரின் சொரசொரப்பையும் பொறுத்தது என்பதைக் கணக்காகத் தந்தார். இன்றைக்கும் உலகம் முழுவதும் கால்வாய்களைத் திட்டமிடுவது அவர் வழியில்தான். ஒரே அளவு, ஒரே சரிவு உள்ள இரண்டு கால்வாய்களில் ஒன்றைச் சிமென்ட் பூசி இழைத்து, இன்னொன்றைப் புல்லும் கல்லுமாக விட்டால், முதலாவதில் தண்ணீர் இரண்டாவதை விட ஏறக்குறைய மூன்று மடங்கு வேகத்தில் ஓடும்.

வேகம் நல்லதுதானே என்று தோன்றும். இருபதாம் நூற்றாண்டின் பொறியாளர்கள் அப்படித்தான் நம்பினார்கள். அரைப் பாலை நகரமான லாஸ் ஏஞ்சலிஸில் 1938இல் வந்த வெள்ளம் நூறு பேர் அளவில் பலி வாங்கியது. அதன் பிறகு அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை அந்த நகரத்து ஆற்றை ஏறக்குறைய முழு நீளத்துக்கும் கான்கிரீட் தொட்டியாக மாற்றியது. வெள்ளத்தை எவ்வளவு சீக்கிரம் கடலில் தள்ள முடியுமோ அவ்வளவு சீக்கிரம் தள்ளுவது நோக்கம். அந்த நோக்கம் நிறைவேறியது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் நிலத்துக்குள் போயிருக்க வேண்டிய மழை கடலுக்குப் போனது. தண்ணீருக்குத் தவிக்கும் அந்த நகரம் இன்று மழைநீரை எப்படிப் பிடித்து வைப்பது என்று செலவழித்துக்கொண்டிருக்கிறது.

வேகத்துக்கு வேறொரு விலையும் உண்டு. ஓடும் நீரால் உருட்ட முடிகிற கல்லின் எடை, வேகத்தின் ஆறாம் அடுக்கில் ஏறும் என்பது நீரியலின் பழைய விதி. வேகம் இரண்டு மடங்கானால் 64 மடங்கு எடையுள்ள கல்லும் நகரும். நேற்று வரை கூழாங்கல் உருட்டிய பள்ளம் இன்று பாறாங்கல்லோடு வருவது இதனால்தான். அதனால் செங்குத்தான சரிவுகளில் நல்ல வடிவமைப்பாளர்கள் கால்வாயை ஒரே சாய்வாக விடுவதில்லை. படிக்கட்டுபோல் உடைத்து, ஒவ்வொரு படியின் அடியிலும் ஒரு குழி வைக்கிறார்கள். விழும் தண்ணீர் அந்தக் குழியில் சுழன்று தன் ஆற்றலை அங்கேயே கரைத்துவிட்டு அடுத்த படிக்குச் சாந்தமாகப் போகும். குறுக்குவெட்டிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. மேலே அகன்ற சரிவுக் கரை, நடுவே சின்னதாக ஓர் உள்வாய்க்கால். சாதாரண நாளின் கசிவு உள்வாய்க்காலில் ஓடுவதால் அதன் ஓட்டம் சேற்றைத் தங்கவிடாது. பெருவெள்ளம் வந்தால் மேலே உள்ள அகலம் ஏந்திக்கொள்ளும்.

அமெரிக்காவின் அரிசோனா பாலையில் ஸ்காட்ஸ்டேல் என்ற நகரம் இருக்கிறது. அதன் நடுவே இண்டியன் பெண்ட் வாஷ் என்ற வறண்ட படுகை ஓடுகிறது. 1960களில் ராணுவப் பொறியாளர் படை அங்கேயும் கான்கிரீட் கால்வாய் வெட்டத் திட்டம் போட்டது. ஊரை இரண்டாகப் பிளக்கும் சிமென்ட் அகழி வேண்டாம் என்று நகரவாசிகள் மறுத்தார்கள். நீண்ட வாதத்துக்குப் பின் அந்தப் படுகை சுமார் 18 கிலோமீட்டர் நீளத்துக்கு பூங்கா, விளையாட்டு மைதானம், குளம், சைக்கிள் பாதை என்று பள்ளமான பசுந்திடலாக ஆனது. வழக்கமான நாளில் பிள்ளைகள் பந்து விளையாடுவார்கள். வெள்ளம் வந்தால் மைதானம் ஆறாகும். நீர் அகலப் பரவி, ஆழம் குறைந்து, புல்லில் உராய்ந்து மெதுவாக நகரும். வடிந்த பிறகு சேற்றை வழித்துவிட்டு மறுபடி விளையாடுவார்கள்.

அந்த மைதானம் செய்த வேலைக்குப் பெயர் தேக்கித் தணித்தல். பந்திக்கு வந்தவர்களை முற்றத்தில் உட்காரவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விடுவதற்குச் சமம் அது. உச்சம் தட்டையாகிறது, கீழே உள்ள கால்வாய் சிறியதாக இருந்தாலும் தாங்குகிறது. தேக்குப் படுகையின் மதகு பெரிதாக இருக்க வேண்டியதில்லை, சின்னதாக இருப்பதுதான் முக்கியம். வந்த வெள்ளத்தை ஒரு நாளில் மெல்லக் கசியவிட்டு, அடுத்த மழைக்குள் படுகை காலியாகிவிட வேண்டும். நம்மூர் ஏரி, குளங்கள் நீரைச் சேமிக்கக் கட்டப்பட்டவை. எப்போதும் நிரம்பி இருப்பதே அவற்றின் பெருமை. வெள்ளத்தைத் தணிக்கும் படுகையோ மழைக்கு முன் காலியாக இருந்தால்தான் பயன்படும். ஒரே குளத்திடம் இரண்டு வேலையும் கேட்கிற நகரங்கள் எந்த மட்டம் வரை நிரப்பலாம் என்பதைப் பருவத்துக்கு முன்பே முடிவு செய்தாக வேண்டும்.

மலையடியில் உள்ள பாலை நகரங்களுக்கு இன்னொரு பாடம் ஜோர்டானின் பெட்ராவில் கிடைக்கிறது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் அங்கே நகரம் அமைத்த நபாத்தியர்கள், ஊருக்குள் நுழையும் குறுகிய பாறை இடுக்கின் வாயிலேயே அணை கட்டி, வெள்ளத்தைப் பாறையில் குடைந்த சுரங்கத்தின் வழியாகத் திருப்பிவிட்டார்கள். மலைத் தண்ணீர் அந்த இடுக்குக்குள் நுழையாமல் சுற்றிப் போனது. பிற்காலத்தில் அந்த ஏற்பாடு பராமரிப்பின்றித் தூர்ந்தது. 1963 ஏப்ரலில் அந்த இடுக்குக்குள் பாய்ந்த திடீர் வெள்ளத்தில் பிரெஞ்சு சுற்றுலாப் பயணிகள் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் பழைய இடத்திலேயே அணையை மீண்டும் எழுப்பினார்கள்.

சவூதியின் ஜெத்தாவுக்கும் அதே கதி நேர்ந்தது. 2009 நவம்பர் 25 அன்று நான்கு மணி நேரத்தில் அங்கே ஏறத்தாழ 90 மில்லிமீட்டர் மழை. கிழக்கே உள்ள மலைகளில் இருந்து இறங்கிய வெள்ளம் பழைய வாதிகளைத் தேடி வந்தது. அவற்றின் படுகையில் அதற்குள் குடியிருப்புகள் எழுந்திருந்தன. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பலரும் வாகனங்களில் இருந்தவர்கள். முப்பது சென்டிமீட்டர் ஆழத்தில் ஓடும் தண்ணீர் சிறிய காரை மிதக்கவிடும், அறுபது சென்டிமீட்டர் பெரும்பாலான வண்டிகளை இழுத்துப் போகும் என்பது தரைப்பாலத்தைக் கடக்கும் ஒவ்வோர் ஓட்டுநரும் அறிந்திருக்க வேண்டிய கணக்கு. ஜெத்தா பிறகு மலையடியில் அணைகளைக் கட்டியது, கடல் வரையிலான வெள்ளக் கால்வாய்களை விரிவாக்கியது.

எந்த அளவு மழைக்குக் கட்டுவது? நூறு ஆண்டு வெள்ளம் என்று பொறியாளர்கள் சொல்வதை, நூறு ஆண்டுக்கு ஒருமுறை முறை வைத்து வரும் வெள்ளம் என்று நினைப்பது தவறு. எந்த ஓர் ஆண்டிலும் அது வர நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு என்றுதான் அதற்குப் பொருள். வீட்டுக் கடன் கட்டி முடிக்கும் முப்பது ஆண்டுகளுக்குள் அப்படி ஒரு வெள்ளத்தைப் பார்க்கும் வாய்ப்பு நான்கில் ஒன்றுக்கும் மேல். இந்த மீள்வரு காலத்தைக் கணிக்க நீண்ட பதிவு வேண்டும். ஐக்கிய அரபு அமீரகத்தில் மழைப் பதிவு 1949இல் இருந்துதான் இருக்கிறது. முக்கால் நூற்றாண்டுக் கணக்கை வைத்து நூறாண்டு வெள்ளத்தைச் சொல்வது கடினம், அதிலும் மழை அரிதாகவே பெய்யும் நாட்டில்.

ஆனால் வெள்ளம் தானே ஒரு பதிவை எழுதிவைத்துப் போகிறது. பாறை இடுக்குகளிலும் குகை வாய்களிலும் வெள்ளம் எட்டிய உயரத்தில் தண்ணீர் தேங்கி நிற்கும்போது மென்மையான வண்டல் படியும். அடுத்த பெருவெள்ளம் அதன்மேல் இன்னோர் அடுக்கைப் போடும். நிலவியலாளர்கள் அந்த அடுக்குகளைக் குறுக்காக வெட்டி எண்ணுகிறார்கள். அவற்றில் புதைந்த கரித்துண்டின் வயதைக் கணித்து, எந்தக் காலத்தில் தண்ணீர் எவ்வளவு உயரம் வந்தது என்று சொல்லிவிடுகிறார்கள். நம் நாட்டில் நர்மதை ஆற்றிலும் தார் பாலைவனத்து லூனி ஆற்றிலும் இத்தகைய ஆய்வுகள் நடந்திருக்கின்றன. மழைமானி வைக்கப்படாத நூற்றாண்டுகளின் வெள்ளங்கள் இப்படித்தான் கணக்குக்குள் வருகின்றன.

துபாய் தனக்கு வேண்டிய முடிவை எடுத்துவிட்டது. ஏற்கெனவே எக்ஸ்போ கண்காட்சிப் பகுதியை ஒட்டி, நிலத்துக்குக் கீழே சுமார் 10 மீட்டர் விட்டத்தில் 10 கிலோமீட்டருக்கும் அதிக நீளமான மழைநீர்ச் சுரங்கம் ஒன்றை அது கட்டியிருந்தது. தட்டையான ஊரில் மேலே சரிவு கிடைக்காததால் ஆழத்தில் சரிவை உண்டாக்கி, முனையில் பம்பு வைத்துக் கடலில் இறைக்கும் ஏற்பாடு இது. வெள்ளம் வந்த இரண்டு மாதத்தில், 2024 ஜூன் 24 அன்று, 3,000 கோடி திர்ஹாம் செலவில் தஸ்ரீஃப் என்ற விரிவான வடிகால் திட்டத்தை அறிவித்தது. 2033க்குள் முடிய வேண்டும். முடிந்தால் ஒரு நாளைக்கு 2,000 கோடி லிட்டருக்கு மேல் வெளியேற்ற முடியும் என்கிறது அரசு. இவ்வளவு செலவு செய்யும் வசதி உலகில் மிகச் சில நகரங்களுக்கே உண்டு. மணல் புகுந்து அடைக்காமல் ஆண்டுதோறும் தூர்வாரினால் மட்டுமே அந்தக் குழாய்களும் பயன் தரும்.

பாலக்காட்டுக் கணவாயின் கிழக்குப் பக்கம் கோயம்புத்தூர் இருக்கிறது. அதுவும் மழைநிழல் நகரம்தான். வடமேற்கு மலையடியில் கிளம்பும் சங்கனூர்ப் பள்ளம் நகரத்தின் நெரிசலான பகுதிகளை ஊடுருவிச் சிங்காநல்லூர் குளத்துப் பக்கம் போகிறது. இருபுறமும் சுவரை ஒட்டிச் சுவராக வீடுகள். பள்ளத்துக்கு விரிய இடமே இல்லை. 2025 ஜனவரியில் அதைத் தூர்வாரிக் கரை கட்டும் பணி நடக்கும்போது ஓரத்து வீடு சரிந்து விழுந்தது. இங்கே கான்கிரீட் சுவர் எழுப்புவது தவிர்க்க முடியாததாகிவிட்டது என்பது உண்மைதான், ஆனால் அது தேர்ந்தெடுத்த தீர்வு அல்ல. முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கு முன் அந்தப் பள்ளத்தின் இருபுறமும் நூறடி நிலத்தை ஒதுக்கி இருந்தால் ஸ்காட்ஸ்டேல் செய்ததை இங்கே இன்னும் மலிவாகச் செய்திருக்கலாம். இப்போது செலவும் சுமையும் பள்ளத்தோரம் குடிவைக்கப்பட்ட ஏழைகள் தலையில் விழுகின்றன.

மேலே மலையில் செய்யக்கூடியதை அட்டப்பாடி காட்டியிருக்கிறது. காடு அழிந்து, மண் ஏடு கட்டி, மழை வந்த வேகத்தில் ஓடிப்போய்க்கொண்டிருந்த அந்தச் சரிவுகளில், 1990களின் நடுவில் ஜப்பான் நிதியுதவியோடு அட்டப்பாடி மலைப்பகுதி மேம்பாட்டுச் சங்கம் வேலையைத் தொடங்கியது. மக்கள் அதை அஹாட்ஸ் என்றே சொல்கிறார்கள். சம உயரக் கோட்டில் மண் வரப்பு, ஓடைகளில் சின்னச் சின்னத் தடுப்பணை, மொட்டை மேட்டில் மரம். தமிழ்நாட்டு எல்லையோரம் பவானிக்கு வந்து சேரும் கொடுங்கரைப்பள்ளம் வறண்டு கிடந்தது. அதில் மீண்டும் தண்ணீர் ஓடத் தொடங்கியது. ஒவ்வொரு வரப்பும் துளியின் பயணத்தைச் சில நிமிடங்கள் தாமதப்படுத்துகிறது. ஆயிரக்கணக்கான வரப்புகளின் தாமதம் சேரும்போது கீழே உச்சம் தணிகிறது, கோடையில் ஊற்றும் கிடைக்கிறது. வெள்ளத் தடுப்பும் வறட்சித் தடுப்பும் ஒரே வேலையாகும் இடம் இது.

அடுத்த நகரம் எங்கே எழப்போகிறது என்பதும் தெரிந்துவிட்டது. 2024 ஆகஸ்ட் 28 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த பன்னிரண்டு தொழில் நகரங்களில் ஒன்று பாலக்காட்டில், கஞ்சிக்கோட்டை ஒட்டிய புதுசேரிப் பகுதியில் வருகிறது. 1,710 ஏக்கர், 3,806 கோடி ரூபாய். வாளையாற்றுக் காற்றும் வெயிலும் அடிக்கும், மலையில் இருந்து ஓடைகள் இறங்கும் நிலம் அது. சங்கனூரில் கிடைக்காத வாய்ப்பு இங்கே இருக்கிறது: சாலைக்கு முன்பே பள்ளங்களை வரையலாம். நில அளவைக்காரர்கள் ஓடையைக் கோடையில் அளந்தால் பத்தடி வரும். அதன் வெள்ளக்கரையில் ஒட்டிக்கிடக்கும் சருகையும் வண்டலையும் பார்த்து அளந்தால் நூறடி வரலாம். திட்ட வரைபடத்தில் எந்த அகலம் ஏறுகிறது, தொழிற்கூடக் கூரைகளின் தண்ணீரைத் தணிக்கும் படுகைகளுக்கு எத்தனை ஏக்கர் ஒதுக்கப்படுகிறது, சாலைக்கு அடியில் போடும் குழாய்கள் எந்த மீள்வரு கால மழைக்குக் கணக்கிடப்பட்டவை என்ற மூன்று கேள்விகளையும் கஞ்சிக்கோடு, வாளையாறு மக்கள் இப்போதே கேட்டுவிட வேண்டும்.